படமா? வீடியோவா? கமரா வாங்கப் புறப்படும் முன்...

கமரா வாங்கப் போகின்றவர் கடையில் கேட்கும் முதற் கேள்வி இப்போதெல்லாம் விலை பற்றியதல்ல. "இதில் போட்டோவும் எடுக்கலாம், வீடியோவும் எடுக்கலாம்தானே?" என்பதுதான் அது. கடைக்காரரின் பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "ரெண்டும் எடுக்கலாம். வீடியோ 4கே!"

அப்பதிலில் பொய் எதுவும் இல்லை. இன்று விற்பனைக்கு இருக்கும் டிஜிட்டல் கமராக்களில் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாமே இரண்டையும் செய்யும். ஆனால், இலட்சக் கணக்கில் பணத்தைக் கொட்டப் போகும் ஒரு குடும்பம் அறிந்திருக்க வேண்டிய எதுவும் அப்பதிலில் இல்லை. இரண்டும் செய்யும் கருவி இரண்டையும் ஒரே தரத்தில் செய்வதில்லை. எதை நன்றாகச் செய்யும், எதை அரைகுறையாகச் செய்யும் என்பது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதும் இல்லை.

பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கும் ஒரு மௌலவிக்குக் கமராவோடு என்ன வேலை என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தலாம். எமது பாடசாலையின் ஊடகக் கழகம் பல வருடங்களாக என் பொறுப்பிலேயே இருந்து வருகின்றது. பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, மீலாத் விழா என்று வருடம் முழுவதும் மாணவர்களோடு கமராவைச் சுமந்து திரிவது பழகிப் போய்விட்டது. அதனால், கமரா வாங்க நினைக்கும் பெற்றோர் பலர் என்னிடம் வந்து கேட்பதும் வழக்கமாகிவிட்டது. (உருவப் படம் தொடர்பான மார்க்கச் சட்ட விவாதத்துக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. அதற்கு வேறு இடமும், வேறு அறிஞர்களும் இருக்கின்றார்கள்.)

இரு கருவிகள் ஒன்றான கதை

தொண்ணூறுகளின் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். இருவர் வருவர். ஒருவரின் கழுத்தில் பிலிம் கமரா தொங்கும். மற்றவரின் தோளில் வீ.எச்.எஸ். கமரா இருக்கும். அவருக்குப் பின்னால், நீண்ட வயரை இழுத்தவாறு, கண்ணைக் கூச வைக்கும் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் வருவான். இவருக்கு அவர் மறைக்கின்றார் என்பதும், அவருக்கு இவர் மறைக்கின்றார் என்பதும் அக்காலத்தின் வழக்கமான சச்சரவு.

அவ்விரு தொழில்களும் ஒரே கருவிக்குள் வந்த வருடம் 2008. அவ்வருடம் ஓகஸ்ட் மாதத்தில் அறிவிக்கப்பட்ட நிக்கோன் டீ90தான், வில்லையை மாற்றக்கூடிய பெரிய ரகக் கமராக்களில் வீடியோ எடுத்த முதலாவது கமரா. ஒரு தடவையில் ஐந்து நிமிடம் வரைதான் அது ஓடும். அடுத்த மாதமே கெனன் நிறுவனத்தின் 5டீ மார்க் 2 வந்தது. 1920க்கு 1080 என்ற முழு எச்.டி. அளவில் ஏறத்தாழ 12 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யக்கூடியதாக அது இருந்தது. நிழற்படக்காரரின் கமராவுக்குள் வீடியோ குடியேறிய கதை இதுதான். வந்தேறிய விருந்தாளி இன்று வீட்டுக்காரனையே சில கமராக்களிலிருந்து வெளியேற்றத் தொடங்கிவிட்டதைப் பின்னர் சொல்கின்றேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 'கமரா' என்பது அரபுச் சொல் என்றும், இப்னுல் ஹைதம் வைத்த பெயர் என்றும் எம்மவர் சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. கமரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆனால், இருண்ட அறையின் சிறு துளையினூடாக வரும் ஒளியைப் பற்றி 11ஆம் நூற்றாண்டிலேயே பரிசோதனை செய்து எழுதியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்பதில் ஐயமில்லை. செய்த வேலையே அவருக்குப் போதிய பெருமை. செய்யாத ஒன்றை நாம் சேர்த்துவிட வேண்டியதில்லை.

கணத்தைப் பிடிப்பதும் ஓட்டத்தைப் பிடிப்பதும்

படம் என்பது ஒரு கணம். ஓடி வரும் பிள்ளையின் கால் நிலத்தைத் தொடாத அந்த ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கைப் பிடித்தால் போதும். அதற்குக் கமராவில் வேகமான ஷட்டர் வேண்டும். இருட்டில் பிளாஷ் எரிய வேண்டும். வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்க வியூ பைண்டர் வேண்டும். அச்சிடப் போதுமான மெகா பிக்சல் வேண்டும்.

வீடியோ அப்படியல்ல. அது ஓட்டம். எமது நாட்டு முறைப்படி விநாடிக்கு 25 படங்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. அந்த ஓட்டம் கண்ணுக்கு இயல்பாகத் தெரிய, ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடி அளவில் வைப்பதே வழக்கம். படத்துக்கு நாம் தேடிய வேகம் இங்கு உதவாது. அத்தோடு ஓசை வேண்டும், போகஸ் தானாகவே தொடர வேண்டும், கமரா சூடேறி நின்றுவிடாமல் இருக்க வேண்டும், கை நடுக்கம் தெரியாதிருக்க வேண்டும்.

மெகா பிக்சல் விடயத்தையே எடுத்துக்கொள்வோம். 24 மெகா பிக்சலா, 45 மெகா பிக்சலா என்று கடையில் நின்று தர்க்கிப்பவர்கள் அநேகர். 4கே வீடியோவின் ஒரு சட்டம் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்டது. அதாவது 8 மெகா பிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். கமரா 45 மெகா பிக்சல் ஆனாலும் 4கேயில் வெளிவருவது அந்த எட்டுத்தான். படம் எடுப்பவருக்கும் 24 மெகா பிக்சல் தாராளம். 6000க்கு 4000 புள்ளிகள் கொண்ட படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர் தரத்தில் அச்சிட்டாலே 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் வரும். எந்த வீட்டு அல்பத்துக்கு இதைவிடப் பெரிய படம் தேவைப்படப் போகின்றது?

பெட்டியில் எழுதாத விடயங்கள்

வீடியோவுக்கென்று கமரா வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது கமராவின் பக்கவாட்டை. அங்கே மைக் செருகும் துளை இருக்கின்றதா? 2018இல் வந்து எமது நாட்டிலும் பரவலாகக் காணப்படும் கெனன் 1500டீ கமராவில் அது கிடையாது. திரையும் திரும்பாது. வீடியோ எடுக்கும்போது நடந்து வருபவரை அது தானாகத் தொடர்ந்து போகஸ் செய்வதும் இல்லை. அதே வருடம் வந்த நிக்கோன் டீ3500இலும், 2014இல் வந்த சோனி ஏ6000இலும் மைக் துளை இல்லை. மூன்றுமே படம் எடுக்க நல்ல கமராக்கள். ஆனால், பயான் பதிவு செய்யவோ நிக்காஹ் வைபவத்தைப் பதிவு செய்யவோ இவற்றை வாங்கினால் தொல்லைதான்.

ஓசை பற்றி எம்மவர்கள் ஏனோ நினைப்பதே இல்லை. நிக்காஹ் மஜ்லிஸில் உண்மையில் நடப்பது என்ன? வலீ சொல்லும் ஒரு வாசகமும், மாப்பிள்ளை சொல்லும் 'கபில்து' என்ற பதிலும்தானே! அதன் உயிர் ஓசையில்தான் இருக்கின்றது. பதினைந்து அடி தூரத்தில் நிற்கும் கமராவின் உள் மைக்கில் பதிவாவதோ மின்விசிறியின் இரைச்சலும், பின்வரிசையில் இருப்பவரின் இருமலும், பிள்ளைகளின் அழுகையுந்தான். நெஞ்சில் செருகும் சிறிய கொலர் மைக் ஒன்று இருந்திருந்தால் அந்த ஒரு சொல் தெளிவாகக் கேட்டிருக்கும். படம் சற்று மங்கினாலும் மக்கள் பார்ப்பார்கள். ஓசை கெட்ட வீடியோவை வீட்டாரே இரண்டாம் தடவை போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்தது நேரம். பழைய கமராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமாகவே நின்றுவிடும். இது கோளாறு அல்ல. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கமரா என வகைப்படுத்திக் கூடுதல் தீர்வை விதித்து வந்தது. அதைத் தவிர்க்கவே கம்பனிகள் ஒரு விநாடி முன்னதாக நிறுத்தின. ஐரோப்பாவின் சுங்க வரிக்கும் எமதூர்ப் பேச்சாளரின் உரை பாதியில் அறுந்து போவதற்கும் என்ன தொடர்பு என்றால், தொடர்பு இதுதான்! இப்போது வரும் கமராக்களில் இந்த எல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2023இல் வந்த கெனன் ஆர்50 ஒரு மணித்தியாலம் வரை ஓடும். பாவித்த கமரா வாங்குவோரோ இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நேர எல்லை இல்லாவிட்டாலும் சூடு என்றொரு எல்லை இருக்கின்றது. கெனன் ஆர்5 என்ற விலையுயர்ந்த கமரா 2020இல் வந்தபோது, அதன் 8கே வீடியோ 23 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் என்று கம்பனியே அறிவித்தது. 23 பாகை எமக்கு எங்கே கிடைக்கப் போகின்றது? பகல் 12 மணிக்குத் தகரக் கூரை மண்டபத்தில், சிறிய உடலமைப்புக் கொண்ட கமராவில் 4கே ஓட்டினால் சூடேறி நிற்பது வியப்பல்ல. நீண்ட நிகழ்ச்சிகளை முழு எச்.டி.யில் எடுப்பதே புத்தி. வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் எவரும் குறை சொல்லப் போவதில்லை.

4கே என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2018இல் வந்த கெனன் எம்50 கமராவில் 4கே இருக்கின்றது. ஆனால், அதைத் தெரிவு செய்தவுடன் காட்சியின் ஓரங்கள் பெருமளவு வெட்டுப்பட்டு, மேடை முழுவதும் தெரிந்த இடத்தில் பாதி மேடைதான் தெரியும். முழு எச்.டி.யில் அருமையாக வேலை செய்யும் அதன் போகஸ் முறையும் 4கேயில் இயங்காது. முழு எச்.டி.க்கு அது இன்றும் நல்ல கமராதான். '4கே இருக்கா?' என்று மட்டும் கேட்டு வாங்கியவர்தான் கைசேதப்படுவார்.

மண்டபங்களில் டியூப் லைட், எல்.ஈ.டி. வெளிச்சத்தில் வீடியோவில் கோடு கோடாக ஓடுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கமரா பழுது என்று திருத்தக் கொண்டு போகின்றவர்களும் உண்டு. எமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விநாடிக்கு 30 படம் என்ற அமெரிக்க, ஜப்பானிய முறையில் கமராவை வைத்திருந்தால் வெளிச்சத்தின் துடிப்பும் கமராவின் துடிப்பும் ஒத்துப் போகாது. மெனுவில் 'பால்' முறைக்கு மாற்றி, 25 படம், ஐம்பதில் ஒரு விநாடி ஷட்டர் என்று வைத்தால் பெரும்பாலான மண்டபங்களில் கோடு மறைந்துவிடும். திருத்துமிடத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

விருந்தாளி வீட்டுக்காரனை வெளியேற்றிய கதை என்றேனே, அது இதுதான். 2021இல் வந்த சோனி இசட்.வீ. ஈ10 வீடியோவை முன்னிறுத்தித் தயாரிக்கப்பட்டது. மைக் துளை, ஹெட்போன் துளை, முன்பக்கம் திரும்பும் திரை எல்லாம் அதில் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூ பைண்டர் இல்லை. 2024இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. வீடியோ இன்னும் மேம்பட்டிருந்தது. ஆனால் இம்முறை இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டார்கள். அதனால் அதில் பிளாஷ் பாவிக்க முடியாது. பழையதை விடப் புதியது எல்லா வகையிலும் நல்லது என்று எண்ணி, கல்யாணப் படம் எடுக்க அதை வாங்கும் இளைஞனின் நிலை என்னாவது?

சீட்டுக் காசு

என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கல்யாண வீடுகளுக்குப் படமும் வீடியோவும் எடுக்கும் தொழிலில் இறங்க ஆசைப்பட்டான். வாப்பா இல்லாத பிள்ளை. தையல் வேலை செய்யும் உம்மா மூன்றரை இலட்சம் ரூபா சீட்டுக் காசை எடுத்து வைத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மௌலவி, இவன் கேக்கிற கமராவ வாங்கினா இந்தக் காசு முழுசும் முடிஞ்சிடும். நீங்க சொன்னா வாங்கிக் குடுக்கிறன்" என்றார்.

அவன் கேட்டது முழுச் சட்டக் கமரா. 'புல் பிரேம்' என்று சொல்வார்களே, அது. அதன் சென்சர் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. சாதாரண ஏ.பி.எஸ்.சி. ரகக் கமராக்களின் சென்சர் ஏறத்தாழ 23க்கு 15. பரப்பளவில் இரு மடங்குக்கும் மேலான வித்தியாசம். எனவே மங்கலான வெளிச்சத்தில் முழுச் சட்டக் கமரா முந்தும் என்பது உண்மைதான்.

"புல் பிரேம் இல்லாட்டி ஆரும் கூப்பிட மாட்டாங்க மௌலவி" என்றான் பையன்.

"கமராவ வாங்கிட்டா மிச்சம் எவ்வளவு இருக்கும்?"

"ஒண்டும் இருக்காது. லென்ஸ் அதோட வரும்."

அதோடு வருவது பெட்டிக்குள் வைத்துத் தரும் சாதாரண வில்லை. இவ்வகை வில்லைகளை முழுவதும் இழுத்துவிட்டால் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறக்காது. எஃப் 1.8 அளவில் திறக்கும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்று ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பெரிய சென்சரால் கிடைப்பது இரு மடங்கு. நல்ல வில்லையால் கிடைப்பது பத்து மடங்கு. பின்னையதோ முன்னையதை விட மிகவும் மலிவு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். கணிதத்தில் கெட்டிக்காரன் என்பதால் அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

"ராத்தா, காசு முழுவதையும் கமராவுல போடாதீங்க" என்று உம்மாவிடமும் சொன்னேன். பாதிக் காசுக்கு மைக் துளையும் திரும்பும் திரையும் உள்ள, பாவித்த ஏ.பி.எஸ்.சி. கமரா. மீதியில் 50 மில்லிமீட்டர் வில்லை, பிளாஷ், வயரில்லாக் கொலர் மைக், மேலதிக பெட்டரி இரண்டு, நல்ல மெமரி கார்ட் இரண்டு. அதன் பின்னும் மிச்சம் வந்தால், எடுத்ததைச் சேமித்து வைக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இவை இல்லாமல் கமரா மட்டும் வைத்திருப்பவன் கல்யாண வீட்டில் நடு வழியில் நிற்பான். விநாடிக்கு 100 மெகா பிட் என்ற அளவில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 750 மெகா பைட், மணித்தியாலத்துக்கு 45 கிகா பைட் போகும். 64 கிகா பைட் கார்ட் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் போதாது. மாப்பிள்ளை வரும் நேரம் பார்த்துக் கார்ட் நிறைந்தால், அந்தக் கணத்தை மீண்டும் நடத்திக் காட்டச் சொல்ல முடியுமா?

கார்ட் விடயத்தில் மலிவு பார்க்கவே கூடாது. 'வீ 30' என்று அடையாளமிட்டிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 30 மெகா பைட் எழுதும் என்று பொருள். அது போதும். பெயர்பெற்ற கம்பனிகளின் பெயரில் போலிகள் தாராளமாக விற்கப்படுகின்றன.

அந்த உம்மா புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டார். "கல்யாண ஊட்டுப் பொம்புளைகள்ட படமெல்லாம் இந்தக் கார்ட்லதானே மௌலவி இருக்கும்? அழிச்சா அழிஞ்சி போகுமா?" கமராவை விட இக்கேள்வி முக்கியமானது எனக் கருதுகின்றேன். அழிந்து போகாது. கமராவில் அழிப்பது என்பது, அவ்விடம் காலி என்று கார்டில் குறித்து வைப்பது மட்டுமே. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருள் வைத்திருக்கும் எவரும் பெரும்பாலும் அதை மீட்டெடுக்கலாம். ஆகவே, கமராவை விற்றாலும் கார்டை விற்க வேண்டாம், கடையில் படம் பிரதி எடுக்கக் கார்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம், பெண்கள் பகுதியில் எடுக்கும் கார்டைத் தனியாக வைத்து வீட்டாரிடமே ஒப்படைத்து விடு என்று அவனுக்குச் சொன்னேன். பெண்கள் பகுதிக்குப் பெண்ணொருவரே போக வேண்டும் என்பது எமது வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தொழிலைக் கற்ற எம் சகோதரிகள் இன்று பல ஊர்களில் இருக்கின்றார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது.

தொழிலுக்கல்ல, வீட்டுக்குத்தான் என்றால்?

பிள்ளைகள் வளர்வதைப் பதிந்து வைக்கவும், பெருநாளைக்கு நாலு படம் எடுக்கவும் கமரா தேடும் வீட்டாருக்கு என் பதில் சுருக்கமானது. கையில் இருக்கும் தொலைபேசி அண்மைக் கால நல்ல ரகமாயின் கமரா வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு சிறிய ஸ்டாண்டும், தொலைபேசியில் செருகும் கொலர் மைக்கும் வாங்குங்கள். தொலைபேசி தோற்கும் இடங்கள் தூரமும் இருட்டும் வேகமும் தான். மைதானத்தின் மறு கோடியில் ஓடும் மகனை எடுக்க வேண்டுமாயின், தூரத்தைக் கிட்ட இழுக்கும் வில்லையுள்ள கமராதான் வேண்டும்.

பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் நீண்ட உரைகளைப் பதிவு செய்யவே அதிகம் விரும்புகின்றன. அங்கே அழகான பின்புலமும் மங்கலான ஓரங்களும் தேவையில்லை. மைக் துளையும், மின்சாரத்திலேயே செருகி ஓட்டும் வசதியும் உள்ள, வீடியோவுக்கென்றே செய்யப்பட்ட பழைய பாணிக் கேம்கோடர் ஒன்று இவ்வேலைக்கு இன்றும் பொருத்தமானது. அதை வாங்கச் சொன்னால் நிருவாக சபையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பாவித்த கமராவைச் சோதிக்கும் முறை

2022இன் பொருளாதார நெருக்கடியில் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு எகிறியதன் பின், புதிய கமரா என்பது நடுத்தரக் குடும்பங்களுக்குக் கனவாகவே ஆகிவிட்டது. எனவே பாவித்ததை வாங்குவதில் வெட்கம் ஏதும் இல்லை. சோதிக்காமல் வாங்குவதில்தான் ஆபத்து.

முதலில் வில்லையைக் கழற்றி, பின்பக்கமாகச் சிறிய டோர்ச் ஒன்றை அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பங்கசு. ஈரலிப்பான எமது காலநிலையில் வில்லைகளைத் தின்னும் நோய் இதுதான். அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பின்னர் வில்லை மூடியைப் போட்டுவிட்டு, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரிய திரையில் சிவப்பாகவோ நீலமாகவோ புள்ளிகள் பல மின்னினால் சென்சர் களைத்துவிட்டது என்று பொருள். இயந்திர ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கின்றது என்ற எண்ணிக்கையையும் பல கமராக்களில் அறிந்துகொள்ள முடியும். விற்பவரிடம் கேளுங்கள்.

வீடியோவைச் சோதிக்க ஒரு நிமிடம் போதாது. உங்கள் கார்டைப் போட்டு, கடையிலேயே கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். கடைக்காரர் பொறுமையிழந்தால் தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். அதற்குள் சூடேறி நிற்கின்றதா, பெட்டரி எவ்வளவு இறங்குகின்றது என்பதெல்லாம் தெரிந்துவிடும். மைக்கைச் செருகி, வயரை மெதுவாக அசைத்துப் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். துளை தளர்ந்திருந்தால் கரகரவென்று கேட்கும். ஜப்பான் சந்தைக்கெனத் தயாரிக்கப்பட்ட சோனி கமராக்கள் சிலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. விலை மலிவாயிருந்தால் இதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பின், அது வந்த தோல் பையிலேயே அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். தோலும் துணியும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது போதுமானது. சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு, 40க்கும் 50க்கும் இடையில் நிற்கின்றதா என்று இடைக்கிடை பாருங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் எடுத்து உலர்த்திவிட்டு மீண்டும் போடலாம். பற்றுச்சீட்டில் கமராவின் தொடர் இலக்கத்தையும் வில்லையின் தொடர் இலக்கத்தையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் கடையினுடையதா, கம்பனியின் இலங்கை முகவருடையதா என்பதையும் அதே சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.